மழை எச்சரிக்கையும் நான்கு நிறங்களும்

வடகிழக்குப் பருவமழைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் காலையில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "இன்று நம் மாவட்டத்துக்கு என்ன நிறம்?" மாவட்டத்துக்கு ஏது நிறம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்பவருக்கும் பொருள் தெரியும். பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் எச்சரிக்கைப் படத்தில் ஒவ்வொரு மாவட்டமும் நான்கு நிறங்களில் ஒன்றைப் பெறுகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதும் இல்லை. மஞ்சள் என்றால் செய்திகளைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும். ஒரு மீனவக் குடும்பம் படகை எங்கே கட்டுவது என்பதையும், தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றுவதா என்பதையும் கைப்பேசித் திரையில் தெரியும் ஒரு சிறு வண்ணத் திட்டு முடிவு செய்கிறது.

மாணவர்களே, இப்போது உங்களில் பலர் பள்ளி அறிவியல் மன்றத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ இணையப் பக்கம் அமைக்கிறீர்கள். அப்போது "எந்த நிறம் போடலாம்?" என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். பெரும்பாலும் "எனக்குப் பிடித்த நிறம்" என்பதே விடையாகிவிடுகிறது. ஆனால் இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று, நாம் தேர்ந்தெடுக்கும் நிறம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்பது. இதற்கு இயற்பியலும் உடலியலும் விடை சொல்லும். மற்றொன்று, அந்த நிறத்தைப் பார்ப்பவர் அதற்கு என்ன பொருள் கொள்வார் என்பது. இதற்கு மக்களின் பழக்கவழக்கமே விடை சொல்லும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், மேலே சொன்ன மழைப் படத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

திரையில் மஞ்சள் ஒளி இல்லை

முதலில் ஓர் எளிய சோதனை. கைப்பேசித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, கடுகளவு துளி ஒன்றைத் திரைமேல் வையுங்கள். துளி ஒரு குவிலென்சாக வேலை செய்யும். அதன் வழியாக உற்றுப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறப் பொட்டுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். (பார்த்து முடித்ததும் திரையைத் துணியால் துடைத்துவிடுங்கள்.) தொலைக்காட்சித் திரையில் பொட்டுகள் பெரியவை, சாதாரண பூதக்கண்ணாடியே போதும்.

இனி, மஞ்சள் நிறப் படம் ஒன்றை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். மஞ்சள் பொட்டைத் தேடினால் கிடைக்காது. சிவப்புப் பொட்டும் பச்சைப் பொட்டும் மட்டுமே எரிந்துகொண்டிருக்கும், நீலம் அணைந்திருக்கும். அப்படியானால் நாம் பார்த்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

நம் கண்ணிலிருந்துதான். விழித்திரையில் நிறத்தை உணர மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. ஒரு வகை ஏறத்தாழ 560 நானோமீட்டர் அலைநீளத்திலும், மற்றொன்று 530 நானோமீட்டரிலும், மூன்றாவது 420 நானோமீட்டரிலும் உச்ச உணர்வுத்திறன் கொண்டவை. சோடிய ஆவி விளக்கின் ஒளி 589 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட தூய மஞ்சள். அது முதல் இரு வகைச் செல்களையும் ஒருசேரத் தூண்டுகிறது. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் தக்க அளவில் சேர்ந்து வந்தாலும் அதே இரு வகைச் செல்களும் அதே விகிதத்தில் தூண்டப்படுகின்றன. மூளைக்குச் செல்லும் செய்தி ஒன்றே. ஆகவே இரண்டையும் மஞ்சள் என்றே உணர்கிறோம்.

கண்ணில் மூவகை உணர்வுறுப்புகள் இருக்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊகித்துச் சொன்னவர் தாமஸ் யங். ஒளியின் குறுக்கீட்டுச் சோதனையில் நீங்கள் படிக்கும் அதே யங்தான். 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இதை லண்டனில் கண்ணெதிரே செய்து காட்டினார். பல நிறக் கட்டங்கள் போட்ட நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியாகத் தனித்தனியே மூன்று புகைப்படங்கள் எடுத்து, மூன்றையும் அதே நிற ஒளிகளில் ஒரே திரைமேல் ஒன்றன்மீது ஒன்றாக விழச் செய்தார். நாடா தன் வண்ணங்களுடன் திரையில் தோன்றியது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் திரை அதே கொள்கையில்தான் இயங்குகிறது.

ஓவியம் தீட்டுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயங்கள் தம்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே சாயங்களைக் கலக்கக் கலக்க இருள் கூடும். திரையிலோ ஒளியோடு ஒளி கூடுகிறது. கலக்கக் கலக்க வெளிச்சம் கூடும். தண்ணீர் வண்ணத்தில் கற்ற பாடத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவர இயலாது.

இணையப் பக்கத்தில் ஒரு நிறத்தைக் குறிக்க மூன்று எண்கள் தேவை. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் தருகிறோம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. (255, 255, 0) என்பது மஞ்சள். ஒவ்வொன்றிலும் 256 படிகள் இருப்பதால் மொத்தம் 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. இத்தனை நிறங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

எண் சமம், வெளிச்சம் சமமன்று

(255, 0, 0), (0, 255, 0), (0, 0, 255) ஆகிய மூன்று நிறங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் எண் 255-தான். ஆனால் பச்சை பளிச்சென்று இருக்கும். சிவப்பு அதைவிட மங்கல். நீலம் இருண்டு கிடக்கும். காரணம் என்ன? பகல் வெளிச்சத்தில் நம் கண் மிக அதிகமாக உணரும் ஒளி 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள் கலந்த பச்சை. அதிலிருந்து இரு புறமும் விலக விலக உணர்வுத்திறன் குறைகிறது. ஆகவே ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைக் கணக்கிடும்போது மூன்றுக்கும் சம எடை தரக் கூடாது. கணினித் திரைகளுக்கு வழக்கில் உள்ள சூத்திரம் இது:

ஒளிர்வு = 0.2126 சி + 0.7152 ப + 0.0722 நீ

இங்கு சி, ப, நீ என்பவை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவுகள். முழு ஒளி 1; ஒளியே இல்லை என்றால் 0. மூன்று எடைகளையும் கூட்டினால் 1 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீலத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு எடை பச்சைக்கு!

ஓர் எச்சரிக்கை: 255-இல் பாதியான 128 என்று எழுதினால் பாதி ஒளி வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏறத்தாழ 22 விழுக்காடு ஒளிதான் வரும். நம் கண் இருட்டில் உள்ள சிறு வேறுபாடுகளை நுட்பமாகவும், மிகுந்த வெளிச்சத்தில் உள்ள வேறுபாடுகளைக் கரடாகவும் உணர்கிறது. அதற்கு ஏற்றவாறு எண்களின் படிகளை அமைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தை (255, 165, 0) என்று எழுதுவது வழக்கம். இதில் பச்சையின் எண் 165. ஆனால் வரும் பச்சை ஒளி முழு அளவில் ஏறத்தாழ 38 விழுக்காடுதான்.

எழுத்தைப் படிக்க நிறவேறுபாட்டைவிட ஒளிர்வு வேறுபாடே முக்கியம். எழுத்தின் ஒளிர்வும் பின்னணியின் ஒளிர்வும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். இரண்டில் பெரியதுடன் 0.05-ஐக் கூட்டி, சிறியதுடனும் 0.05-ஐக் கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் 1.05 ÷ 0.05 = 21. இதற்கு மேல் விகிதம் இல்லை. எழுத்தும் பின்னணியும் ஒரே நிறமானால் விகிதம் 1, எதுவும் தெரியாது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 ஆகவும், பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 ஆகவும் இருக்க வேண்டும் என்று கூறியுள்ளது.

இனி மழைப் படத்துக்கு வருவோம். நான்கு நிறங்களையும் முழுச் செறிவில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் மாவட்டத்தின் பெயரை எழுதுவதாகக் கொள்வோம். வெள்ளை எழுத்தா, கறுப்பு எழுத்தா? கணக்கிட்டுப் பார்த்தால் கிடைப்பவை இவை:

பச்சை: ஒளிர்வு 0.72. வெள்ளை எழுத்தின் விகிதம் 1.4, கறுப்பு எழுத்தின் விகிதம் 15.3.
மஞ்சள்: ஒளிர்வு 0.93. வெள்ளை எழுத்து 1.1, கறுப்பு எழுத்து 19.6.
ஆரஞ்சு: ஒளிர்வு 0.48. வெள்ளை எழுத்து 2.0, கறுப்பு எழுத்து 10.6.
சிவப்பு: ஒளிர்வு 0.21. வெள்ளை எழுத்து 4.0; கறுப்பு எழுத்து 5.3.

மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து எழுதுவது ஏறத்தாழ எழுதாததற்குச் சமம். நான்கு நிறங்களிலும் கறுப்பு எழுத்தே 4.5-ஐத் தாண்டுகிறது, வெள்ளை எழுத்து ஒன்றிலும் தாண்டவில்லை. சிவப்பில் மட்டும் இரண்டும் ஏறத்தாழ நெருங்கி நிற்கின்றன. மிக முக்கியமான எச்சரிக்கைக்கு இப்படி நெருக்கமான விகிதம் நல்லதன்று. அங்கே சிவப்பைச் சற்று இருட்டாக்கி (139, 0, 0) என்று வைத்துக்கொண்டால், வெள்ளை எழுத்தின் விகிதம் 10 ஆகிவிடுகிறது. எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. நிறமும் சிவப்பாகவே இருக்கிறது.

சூத்திரத்தில் 0.05 எதற்கு என்று கேட்பீர்கள். திரையில் விழுந்து திரும்பும் அறை வெளிச்சத்துக்காக அது சேர்க்கப்பட்டுள்ளது. அணைந்த திரைகூட முழுக் கறுப்பாக இருப்பதில்லை அல்லவா? வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்த்தால் இந்தக் கூட்டல் மிகவும் பெரிதாகிவிடும். 0.05-க்குப் பதில் 0.5 என்று வைத்துப் பாருங்கள். வெள்ளையின் மேல் கறுப்பு என்ற மிகச் சிறந்த இணைகூட 1.5 ÷ 0.5 = 3 என்று இறங்கிவிடும். வெளிர்சாம்பல் எழுத்து முற்றிலும் மறைந்துபோகும். கடற்கரையில் நின்று பார்ப்பவரை நினைவில் கொண்டால், அளவோடு தேறும் நிறங்களை விட்டுத் தாராளமாகத் தேறும் நிறங்களையே எடுப்போம்.

எல்லாக் கண்களும் ஒன்றல்ல

வேதியியலில் அணுக் கொள்கைக்காக நீங்கள் அறிந்த ஜான் டால்டன், 1794-இல் மான்செஸ்டரில் ஒரு கட்டுரை படித்தார். மற்றவர்கள் சிவப்பு என்றும் பச்சை என்றும் வேறுபடுத்திக் காணும் பொருள்கள் தம் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை என்பதே அதன் சாரம். தம் கண்ணின் உள்ளிருக்கும் நீர்மம் நீல நிறம் கொண்டிருப்பதே காரணம் என்று அவர் நினைத்தார். அவருடைய மறைவுக்குப் பின் கண்ணைச் சோதித்தபோது நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் திசுவிலிருந்து மரபணுவைப் பிரித்து 1995-இல் ஆராய்ந்தவர்கள், நடுத்தர அலைநீளங்களை உணரும் கூம்புச் செல்லின் நிறமி அவருக்கு இல்லாதிருந்தது என்று கண்டனர்.

ஐரோப்பிய வழிவந்தோரில் ஏறத்தாழ 12 ஆண்களில் ஒருவருக்கும் 200 பெண்களில் ஒருவருக்கும் இத்தகைய சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளது. பிற மக்களிடையே இது சற்றுக் குறைவு. ஆனால் எங்கும் இல்லாமல் இல்லை. இவ்விரு நிறமிகளுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளன. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே என்பதால், அதில் குறை இருந்தால் ஈடு செய்ய மற்றொன்று இல்லை. ஆகவேதான் ஆண்களிடம் இது மிகுதி. உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருக்கலாம். தமக்கு அப்படி இருப்பதை அவரே அறியாமலும் இருக்கலாம்.

இப்போது மழைப் படத்தின் நிறங்களை மறுபடி பாருங்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு! நான்கும் நிறமாலையில் அடுத்தடுத்து வருபவை. சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்கள் எந்தப் பகுதியில் தடுமாறுவார்களோ அதே பகுதியில் அமைந்தவை. பச்சை மாவட்டமும் ஆரஞ்சு மாவட்டமும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஒன்றில் "கவலை இல்லை". மற்றொன்றில் "ஆயத்தமாக இரு". எவ்வளவு பெரிய வேறுபாடு!

இந்தச் சிக்கல் புதிதன்று. 1875-ஆம் ஆண்டு நவம்பரில் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதி ஒன்பது பேர் உயிரிழந்தனர். உப்சாலா பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் ஃப்ரிட்டியோஃப் ஹோம்கிரென், ரயில் ஊழியர் ஒருவர் விளக்கின் நிறத்தைத் தவறாக உணர்ந்திருக்கலாம் என்று கருதினார். அந்த விபத்துக்கு உண்மையில் அதுதான் காரணமா என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். ஆயினும் பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லும் அவரது சோதனை ரயில்வேக்களில் பரவியது. நிறத்தை நம்பி ஓடும் தொழிலில் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்ற கருத்து நிலைத்தது.

ரயில் ஓட்டுநருக்குக் கண் சோதனை செய்யலாம். இணையப் பக்கம் பார்க்க வருபவர்க்கெல்லாம் சோதனை வைக்க முடியுமா? முடியாது. ஆகவே பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். சாலைச் சந்திப்பில் உள்ள விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். சிவப்பு எப்போதும் மேலே; பச்சை எப்போதும் கீழே. நிறம் தெரியாதவருக்கும் எரியும் இடம் தெரியும். அதுபோல மழைப் படத்தில் "ஆரஞ்சு: ஆயத்தமாக இருங்கள்" என்று சொல்லாலும் எழுதிவிட வேண்டும். தேர்வு முடிவுப் பக்கத்தில் பச்சை, சிவப்பு என்று மட்டும் காட்டாமல் "தேர்ச்சி", "மறுதேர்வு" என்று எழுத வேண்டும். கோட்டு வரைபடத்தில் ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைய வேண்டும். நிறம் துணைக்கு வரலாம். அதை மட்டுமே நம்பிச் செய்தியை ஒப்படைக்கக் கூடாது.

பொருள் அலைநீளத்தில் இருக்கிறதா?

இனி இரண்டாவது கேள்வி. சிவப்பு என்றால் ஏன் ஆபத்து? "சிவப்பின் அலைநீளம் அதிகம், அது குறைவாகச் சிதறும், தொலைவிலிருந்தும் தெரியும்" என்று உடனே விடை சொல்வீர்கள். பாடநூல்களிலும் இவ்விடை உண்டு. இதைச் சற்று சோதிப்போம்.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு சிதறுகிறது. அந்திச் சூரியன் சிவப்பதற்கு இதுவே காரணம். ஆனால் விளக்கு நமக்கு மிகவும் தேவைப்படுவது மூடுபனியில். பனித்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ சமமாகவே சிதறடிக்கின்றன. மூடுபனி நீலமாகத் தெரியாமல் வெள்ளையாகத் தெரிவதே இதற்குச் சான்று. மேலும் கண்ணுக்கு நன்றாகத் தெரிவதுதான் நோக்கம் என்றால் 555 நானோமீட்டர் ஒளியையே எடுத்திருக்க வேண்டும். ஆகவே இயற்பியல் சிவப்புக்குச் சிறிது துணை செய்கிறதே ஒழிய, "நில்" என்ற பொருளை அது தரவில்லை.

ரயில் விளக்குகளின் வரலாறு இதை நன்கு காட்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் சிவப்பு "நில்" என்றும், பச்சை "எச்சரிக்கையுடன் செல்" என்றும், வெள்ளை "தடையின்றிச் செல்" என்றும் பொருள்பட்டன. இதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஊர்களில் விளக்குகள் பெருகப் பெருக, எது கைகாட்டி விளக்கு, எது வீட்டு விளக்கு என்று தெரியவில்லை. அதைவிட மோசமானது, சிவப்புக் கண்ணாடி உடைந்துபோனால் உள்ளிருக்கும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். "நில்" என்பது "செல்" என்று மாறிவிடும்! எனவே அந்நூற்றாண்டின் இறுதிக்குள் வெள்ளையைக் கைவிட்டு, "செல்" என்பதற்குப் பச்சையை அமர்த்தினர். எச்சரிக்கையாக இருந்த பச்சை, பாதுகாப்பாக மாறியது. பச்சையின் அலைநீளம் மாறவில்லை. மக்களின் உடன்பாடு மாறியது.

இன்னொரு சான்று பங்குச் சந்தைப் பலகை. நம் நாட்டில் விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சீனாவிலும் ஜப்பானிலும் ஏறினால் சிவப்பு! சீனர்களுக்குச் சிவப்பு மங்கல நிறம். திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் உரியது. நம்முடைய பலகையை அப்படியே அங்கு கொண்டுபோய் வைத்தால், லாபத்தை நட்டமாகப் படிப்பவர்கள் இருப்பார்கள். வெள்ளையும் அப்படியே. இங்கிலாந்து அரசி விக்டோரியா 1840-இல் தம் திருமணத்துக்கு வெள்ளை ஆடை அணிந்தார். அதன்பின் மேலை நாடுகளில் அது மணமகளின் நிறமாகப் பரவியது. சீனாவிலோ வெள்ளை துக்கத்தின் நிறம். நம் நாட்டிலும் கணவனை இழந்த பெண்களுக்கு வெள்ளைப் புடவையை விதித்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது.

வெளிநாட்டுக்குப் போவானேன்? நம் வீட்டு மஞ்சளையே பாருங்கள். திருமண அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி அனுப்புகிறோம். அங்கே அது மங்கலம். மழைப் படத்தில் மஞ்சள் வந்தால் "கவனம்" என்கிறோம். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஏனெனில் நிறம் எந்த இடத்தில், எதன்மேல் வருகிறது என்பதைச் சேர்த்தே பொருள் கொள்கிறோம். ஒரு சொல்லுக்கு வாக்கியத்தில் பொருள் அமைவதுபோல, நிறத்துக்கும் இடத்தில்தான் பொருள் அமைகிறது.

இணையத்தில் புதிதாக ஏற்பட்ட உடன்பாடும் ஒன்று உண்டு. 1993-இல் வெளிவந்த மொசைக் என்னும் உலாவி, தொட்டால் வேறு பக்கத்துக்குச் செல்லும் இணைப்புச் சொற்களை நீல நிறத்தில் அடிக்கோட்டுடன் காட்டியது. அவ்வழக்கம் பரவிவிட்டது. இன்று நீங்கள் ஒரு சொல்லை அழகுக்காக நீலமாக்கி அடிக்கோடிட்டால், படிப்பவர் அதைத் தொட்டுப் பார்த்து ஏமாறுவார். இங்கே நிறத்தோடு அடிக்கோடும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். நிறம் தெரியாதவருக்குக் கோடு தெரிகிறது.

"நீலம் நம்பிக்கையைத் தரும், சிவப்பு பசியைத் தூண்டும், பச்சை அமைதியைத் தரும்" என்று பட்டியல் போட்டுச் சொல்பவர்கள் பலர் உண்டு. அத்தகைய பட்டியலைக் கண்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருக்கு? எந்த இடத்தில்?" விடை இல்லையென்றால் அதை விதியாகக் கொள்ள வேண்டாம்.

நிறம் தேர்ந்தெடுக்கும் வரிசை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், ஒரு பக்கத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் வரிசை தானே கிடைக்கிறது.

1. முதலில் நிறமே இல்லாமல் பக்கத்தை அமையுங்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும் கொண்டு செய்தி முழுவதும் விளங்க வேண்டும். விளங்காத இடத்தில் ஒரு சொல்லையோ குறியையோ சேருங்கள்.

2. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதத்தைக் கணக்கிடுங்கள். 4.5-க்குக் குறைந்தால் இரண்டில் ஒன்றை இருட்டாக்குங்கள் அல்லது வெளுப்பாக்குங்கள்.

3. அதன்பின் பொருளைப் பாருங்கள். படிக்கப்போகிறவர் யார்? அவரிடம் அந்த நிறத்துக்கு ஏற்கெனவே என்ன உடன்பாடு இருக்கிறது? அதற்கு எதிராகச் செல்ல வேண்டாம். ஒரு நிறத்துக்கு முதல் பக்கத்தில் ஒரு பொருள், இரண்டாம் பக்கத்தில் வேறு பொருள் என்று வைக்கவும் வேண்டாம்.

4. நிறங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எல்லாத் தலைப்பும் சிவப்பாக இருக்கும் பக்கத்தில், உண்மையான எச்சரிக்கை சிவப்பாக வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

5. கடைசியாகச் சோதியுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் திரையைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றும் வசதி இருக்கிறது. அப்படி மாற்றிப் பாருங்கள். முற்றத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதுமையில் கண்ணின் லென்ஸ் மஞ்சள் படிந்து நீல ஒளியைக் குறைத்துவிடுவதால், உங்களுக்குத் தெளிவாகத் தெரிவது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

"எனக்குப் பிடித்த நிறம்" என்பதற்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. மேற்சொன்ன ஐந்தையும் தாண்டி நிற்கும் நிறங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுள் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

1. வெள்ளைப் பின்னணியில் முழு நீல எழுத்து. கறுப்புப் பின்னணியில் முழு நீல எழுத்து. முழுப் பச்சைப் பின்னணியில் முழுச் சிவப்பு எழுத்து. இம்மூன்றின் ஒளிர்வு விகிதங்களைக் கணக்கிடுக. எவை சாதாரண எழுத்துக்கு ஏற்றவை?

2. உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையிலோ பேருந்து நிலையத்திலோ நிறத்தை மட்டுமே நம்பிச் செய்தி சொல்லும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அதில் எந்தச் சொல்லைச் சேர்த்தால் எல்லோருக்கும் விளங்கும் என்று எழுதுங்கள்.

3. ஆரஞ்சு எச்சரிக்கை உள்ள நாளில் மழைப் படத்தைக் கறுப்பு-வெள்ளைத் திரையில் பாருங்கள். உங்கள் மாவட்டத்தின் நிலையை எழுத்தைப் படிக்காமல் சொல்ல முடிகிறதா?

(முதல் வினாவின் விடைகள்: 8.6, 2.4, 2.9. வெள்ளையின் மேல் நீலம் மட்டுமே ஏற்றது. சிவப்பும் பச்சையும் நிறத்தில் எவ்வளவு விலகியிருந்தாலும், எழுத்தைப் படிக்க அது போதாது என்பதைக் கவனிக்க.)